படித்தவளைக் கேட்டீர்களா?

வழக்கொன்று நடந்துகொண்டிருக்கிறது நாட்டிலே. குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு புத்தகம். அட்டை கிழிந்து, முனை மடங்கி, பத்துக் கைகள் மாறி வந்த புத்தகம். குற்றஞ்சாட்டுபவர், ஒழுக்கத்தின் காவலர். அவருக்குத் துணையாக நிற்பவர், இலக்கியத்தின் காவலர். இருவருக்கும் பின்னே, கடிகாரத்தைப் பார்த்தபடி, மதிப்பெண்ணின் காவலர். மூவரும் பேசியாயிற்று. தீர்ப்பும் எழுதியாயிற்று: "பறித்து வை! பூட்டி வை! பெற்றோரை வரச் சொல்!" எல்லாம் முறைப்படி நடந்தன, ஒன்றைத் தவிர. சாட்சியை எவரும் அழைக்கவில்லை. அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படித்தவள் ஒருத்தி உண்டு. பதினாறு வயதுப் பெண். கதவோரத்தில் தலைகவிழ்ந்து நிற்கிறாள். அவளைக் கேட்டவர் எவர்?

புத்தகம் எதுவென்று சொல்லிவிடுவோம். ரமணிசந்திரன் எழுதிய புதினம். எந்தப் புதினம் என்று வினவவேண்டா. நூற்றைம்பதுக்கும் மேலாக எழுதிக் குவித்தவர் அவர், ஏதேனும் ஒன்றாக இருக்கும். திறனாய்வு ஏடுகளிலே அவர் பெயரைத் தேடிப் புறப்பட்டால் கண்வலிதான் மிஞ்சும். ஆனால் வாடகை நூலகங்களிலே முதலில் நைந்து போனவை அவருடைய நூல்களின் அட்டைகளே. தாய் படித்த பிரதியை மகள் படிக்கிறாள். அட்டைப் புத்தகம் கிட்டாதவள் கைப்பேசியிலே படிக்கிறாள், கணக்குப் பாடத்தின் மறைவிலே. மாலை வேளையில் மன்னார்புரம் நாற்சாலைச் சந்திப்பிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவியர் பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். தேர்வைப் பற்றி இரண்டு சொல், ஆசிரியைகளைப் பற்றி நான்கு சொல் (அவற்றை ஈண்டு எழுதுவதற்கில்லை), பிறகு கதை! அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் ஏன் அதைப் பொறுத்தாள், நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்! ஒருத்தி நாயகனுக்காக வாதாடுகிறாள். மற்றொருத்தி மடக்குகிறாள். மூன்றாமவள் இருவரையும் நையாண்டி செய்கிறாள். பேருந்து வருகிறது, அவை கலைகிறது.

இதற்குப் பெயர் என்ன? பட்டம் பெற்ற பெரியவர்கள் நால்வர் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து செய்தால் திறனாய்வுக் கருத்தரங்கம். மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், மறுநாள் ஏட்டிலே படமும் வரும். பாவாடை சட்டையோ சுடிதாரோ அணிந்த நால்வர் நடைபாதையிலே நின்று செய்தால் அது வீண் அரட்டை! என்னே நீதி!

காவலர்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

ஒழுக்கத்தின் காவலர் கூறுகிறார்: கதை படித்தால் பெண் கெட்டுவிடுவாள். ஐயா, உங்கள் வீட்டுக் கூடத்திலே அந்தி மயங்கும் நேரந்தொட்டு இரவு வரை தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறதே! மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைப்பதும், மருமகள் மாமியாரை மாடிப்படியிலே உருட்டிவிடுவதும் குடும்பத்தோடு கண்டு களிக்கத் தக்க காட்சிகள்தாமா? அங்கே கெடாத பெண், புத்தகத்தைத் தொட்டதும் கெட்டுவிடுவாளா? மேலும், இந்த ஆசிரியை எழுதிய கதைகளிலே வரம்பு மீறிய வரியொன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் காவலர் களைத்துத்தான் போவார். தாய்மார்கள் அஞ்சாமல் கையில் கொடுப்பதற்கே அதுதான் காரணம் என்பதைக்கூட அவர் அறியார். அவருக்கு அச்சம் கதையைப் பற்றியதன்று. பெண் தனியே அமர்ந்து, எவரையும் கேளாமல், தானே ஒன்றைத் தேர்ந்து படிக்கிறாளே, அதைப் பற்றியது.

இலக்கியத்தின் காவலருக்கோ வேறு நோய். "குப்பை" என்கிறார். எத்தனை படித்தீர்கள் என்றால், "ஒன்றிரண்டு புரட்டினேன்" என்கிறார். புரட்டியவர் தீர்ப்புச் சொல்கிறார். படித்தவள் வாய்பொத்தி நிற்கிறாள்! அவர் கூறும் குறைகளிலே பாதி உண்மை என்பதை நாமும் ஒப்புவோம், பின்னால் அதற்கு வருவோம். ஆயின் அவர் குறை கூறுவது நூலையன்று, நூலைப் படிப்பவளை. குப்பையைப் படிப்பவள் என்று அவளைக் குறித்துவிட்டால், அவள் கருத்தையும் குப்பைக்கூடையிலே போட்டுவிடலாமன்றோ?

மதிப்பெண்ணின் காவலரோடு வாதாட நமக்கு நேரமில்லை. அவருக்கும் நேரமில்லை, தனிப்பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டது.

புதினம் என்பது பிறந்த நாள்தொட்டே இந்தக் கூண்டிலே நிற்கிறது, தோழர்களே. செருமனியிலே கதே என்னும் பெரும்புலவன் 1774-இல் இளைஞன் ஒருவனின் காதல் துயரைப் புதினமாக எழுதினான். அடுத்த ஆண்டே லீப்சிக் நகர மன்றம் அந்நூலைத் தடை செய்தது. நூலை மட்டுமா? கதைத்தலைவனைப்போல உடுத்துவதையும் தடை செய்தது! சட்டையைப் பிடித்திழுத்தால் சிந்தனை நின்றுவிடும் என்று நம்பிய நகரத் தந்தையர்! அந்தத் தடை இன்று பழங்கதை. அந்தப் புதினத்தையோ உலகம் இன்னும் படிக்கிறது.

கடல் கடந்து போவானேன்? நம் திருச்சியை அடுத்த குளத்தூரிலே 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்திலே முன்சீப்பாக இருந்தவர், தமிழின் முதல் புதினத்தை 1879-இல் வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரம் என்பது பெயர். பெயர்தான் பிரதாபனுடையது; பெருமை ஞானாம்பாளுடையது. அந்த ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஒரு நாட்டையே ஆளுகிறாள்! பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. முதற் புதினத்திலேயே பெண்ணை அரியணையில் அமர்த்திய மண்ணிலே நின்றுகொண்டா புதினம் பெண்ணைக் கெடுக்கும் என்கிறீர்கள்?

வை. மு. கோதைநாயகி அம்மாள் முறையாகப் பள்ளிக்குப் போகாதவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுப் பதினைந்து புதினங்கள் படைத்தார். அவரையும் எள்ளினார்கள். பிறகு லட்சுமி வந்தார். திரிபுரசுந்தரி என்பது இயற்பெயர். இவரும் திருச்சி மாவட்டத்துப் பெண்தான். 1921-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே படிக்கும்போதே கதை எழுதி, எழுத்திலே வந்த பணத்தைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்து, மருத்துவரானார். கதை படித்தால் படிப்புக் கெடும் என்று ஓலமிடுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்: கதை எழுதியே படித்து முடித்தாள் ஒருத்தி!

லட்சுமியின் 'பெண் மனம்' அந்நாளைய இளம்பெண்கள் போற்றிப் படித்த புதினம். வெறும் பெண்கள் கதை என்று ஒதுக்கினார்களே பலர், அந்தக் கதைதான் 1963-இல் 'இருவர் உள்ளம்' என்று திரைக்கு வந்தது. அதற்குத் திரைக்கதையும் உரையாடலும் தீட்டியவர் யார்? கலைஞர் கருணாநிதி! பெண்கள் விரும்பிப் படித்த கதையைத் தொட்டால் பேனா தீட்டுப்பட்டுவிடும் என்று அவர் எண்ணவில்லை. நம் முகாமிலே இருந்துகொண்டே "இதெல்லாம் அடுப்படிக் கதை" என்று உதட்டைப் பிதுக்கும் நண்பர்கள் இதை நினைவிலே கொள்வது நல்லது.

சரி, சாட்சியை அழைப்போம்.

ஆசிரியர்களாகிய நாம் சிலர் கூடி ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். புத்தகத்தைப் பறிப்பதை நிறுத்தினோம். கோடிட்ட குறிப்பேடு ஒன்றை வகுப்பறை அலமாரியிலே வைத்தோம். படித்த கதையைப் பற்றி எது தோன்றுகிறதோ அதை எழுதலாம், பெயர் வேண்டா, எழுத்துப் பிழையைத் திருத்தமாட்டோம் என்று அறிவித்தோம். சிவப்பு மை தொடாத குறிப்பேடு ஒன்று பள்ளியிலே இருக்க முடியும் என்பதை மாணவியர் நம்புவதற்கே இரண்டு வாரம் பிடித்தது. முதலில் வந்தவை ஒற்றைச் சொற்கள்: அருமை, நன்று, அழுதுவிட்டேன். அவற்றைப் படித்தபோது, காவலர்கள் சொன்னதுதான் சரியோ என்று எவரும் நினைத்திருப்பர். பிறகு ஒருத்தி ஒரு கேள்வியை எழுதினாள். அதன்கீழே மற்றொருத்தி விடை எழுதினாள். விடைக்கு மறுப்பு எழுந்தது. பக்கங்கள் விரைந்தன.

நாயகனுக்கெல்லாம் ஏன் தொழிற்சாலை இருக்கிறது என்று கேட்டாள் ஒருத்தி. பொன்மலை இரயில்வே தொழிற்கூடத்திலே வேலை செய்கிறவன் நாயகனாக வரக் கூடாதா, அவனுக்குக் காதல் வராதா என்பது அவள் வினா. சமதர்மம் பேசும் மேடை எதையும் அவள் கண்டதில்லை. தந்தை வீட்டுக்கு வரும்போது சட்டையிலே ஒட்டியிருக்கும் எண்ணெய்க் கறையைக் கண்டவள்போலும். இன்னொருத்தி, தான் படித்த பன்னிரண்டு கதைகளிலும் கறுத்த நாயகி ஒருத்தியும் இல்லை என்று எண்ணிக்கையோடு எழுதியிருந்தாள். அதன்கீழே நான்கைந்து கையெழுத்துகளிலே ஒரே சொல்: "ஆமாம்." அந்தப் பக்கத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு எங்கள் நிறம் என்று முழங்கிய நாட்டிலே, பன்னிரண்டு புதினம் படித்து ஒரு சிறுமி எண்ணிச் சொல்லவேண்டியிருக்கிறது!

இனி, எந்தத் திறனாய்வாளரும் எழுதி நாம் கண்டிராத ஒன்று. இந்தக் கதைகளிலே ஓர் அமைப்பு அடிக்கடி வரும். நாயகன் நாயகியை ஐயுறுவான், சுடுசொல் கூறுவான், பத்து அத்தியாயம் வாட்டுவான், கடைசியிலே உண்மை விளங்கியதும் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்பான், அவள் கண்ணீரோடு ஏற்பாள், மங்கலம். பத்து அத்தியாயக் கொடுமைக்கு ஒரு பக்க மன்னிப்பு ஈடாகுமா என்று ஒருத்தி கொதித்து எழுதியிருந்தாள். நாம் மகிழ்ந்தோம், நம் மனத்திலிருந்ததும் அதுவே. ஆயின் அதன்கீழே, பென்சிலால், சிறிய எழுத்திலே, வேறொருத்தி எழுதிய விடை இது: எங்கள் வீட்டிலே அந்த ஒரு பக்கம்கூட இல்லை.

காவலர்களே, இப்போது பேசுங்கள்! பெண்கள் ஏன் இந்தக் கதைகளை மீண்டும் மீண்டும் படிக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரைகளிலே எத்தனை காரணம் கூறினீர்கள்! பகற்கனவு என்றீர்கள், மயக்கம் என்றீர்கள், மூளைச் சோம்பல் என்றீர்கள். ஓர் ஆண்மகன் தன் மனைவியின் முன்னே நின்று "நான் செய்தது தவறு" என்று சொல்லும் காட்சியைத் தம் வாழ்நாளிலே ஒருமுறையும் காணாத பெண்கள், அதைக் காண்பதற்காகவே முந்நூறு பக்கம் படிக்கிறார்கள் என்று உங்களில் எவருக்கேனும் தோன்றிற்றா? தோன்றாது. அவளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மற்றொரு வரியும் உண்டு. மேனிலை வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது. கதையிலே நாயகிக்குத் திருமணம் பேசுகிறார்கள். பாதிக் கதை வரை அவளை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. இங்கேயும் இன்னும் கேட்கவில்லை என்று எழுதி, நிறுத்தியிருந்தாள். 'இங்கேயும்' என்றால் எங்கே? பெயர் இல்லை, ஆனால் கையெழுத்தை அறியாத ஆசிரியர் உண்டோ? தேர்வுக்கு மூன்று திங்களே இருந்த நேரம். நம்முள் இருவர் அவ்வீட்டுப் படியேறினோம். தந்தை கொடியவர் அல்லர். மகளைக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அதுவரை தோன்றாதவர், அவ்வளவே. அவள் மேலே படிக்க விரும்புகிறாள் என்பதை அவர் நம் வாயிலாகத்தான் அறிந்தார். தேர்வு முடியட்டும் என்ற அளவிலே பேச்சு நின்றது. நாம் வெற்றி முரசு கொட்டவில்லை. அந்தப் புத்தகத்தைப் பறித்துப் பூட்டியிருந்தால் அந்த ஒரு வரி எங்கே எழுதப்பட்டிருக்கும் என்று மட்டும் கேட்கிறோம்.

அப்படியானால் ரமணிசந்திரனின் வழக்கறிஞர்களாகிவிட்டோமா நாம்? இல்லை. அந்தக் கதைகளிலே நமக்கு உடன்பாடில்லாதவை பல. 1879-இலே நாடாண்டாள் ஞானாம்பாள். நூறாண்டுக்குப் பின் வந்த நாயகி, நாயகன் தன்னை நம்பும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். இது முன்னேற்றமா? நல்ல வேலையும் நல்ல படிப்பும் உள்ள பெண்ணுங்கூட, செல்வன் ஒருவன் வீட்டு வாயிலிலே வாழ்வு தொடங்குவதாக எண்ணுவது ஏன்? சாதி என்னும் சொல் தமிழ்நாட்டுத் திருமணக் கதையிலே வராமல் எழுதுவதற்கு எத்துணைத் திறமை வேண்டும்! காதலுக்குக் குறுக்கே தவறான புரிதல் மட்டுமே நிற்கும் நாடு எந்த நாடு? நம் நாட்டிலே நிற்பது அரிவாளன்றோ? இவ்வளவையும் சொல்வோம், உரக்கச் சொல்வோம். ஆனால் நூலைப் படித்தவளோடு அமர்ந்து சொல்வோம். அவள் மறுத்தால் கேட்போம்.

வாசகர் வாய் திறந்தால் இலக்கியம் வளரும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1966-இல் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' ஆனந்த விகடனிலே வந்தது. மழையிலே முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், அவள் இழப்பு, அவளைக் குளிப்பாட்டி, நீ தூயவள் என்று கூறி அணைத்துக்கொள்ளும் தாய். நாடே இரண்டுபட்டது. தாய் செய்தது சரி என்றனர் சிலர். அடாது என்றனர் பலர். அந்தப் பூசலை ஜெயகாந்தன் காற்றிலே விட்டுவிடவில்லை. தாய் அவ்வாறு மறைக்காமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று வினவி, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற புதினத்தைப் படைத்தார். அதற்கு 1972-இல் சாகித்திய அகாதமிப் பரிசும் கிடைத்தது. வாசகர் சண்டையிட்டனர், நமக்கொரு புதினம் கிடைத்தது! வாயைப் பொத்திக்கொண்டு படித்திருந்தால் கிடைத்திருக்குமா?

நம்மவர்க்கும் ஒரு சொல். 1943-இலே கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணா, சென்னையிலே ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்திலே சோமசுந்தர பாரதியாரோடும் பொதுமேடையிலே சொற்போரிட்டார். ஒரு நூலைப் பற்றி உடன்பட்டவரும் மறுப்பவரும் ஒரே மேடையிலே நின்று பேச, மக்கள் இருபுறமும் கேட்டனர். அந்த மரபுக்கு உரியவர்கள் நாம் என்று மார்தட்டுகிறோம். ஆனால் நம் இல்லத்துப் பெண் படிக்கும் புத்தகத்தைக் கண்டால், "இதை விடு, இந்தச் சீர்திருத்த நூலைப் படி" என்று வேறொன்றைத் திணிக்கிறோம். திணிக்கும் கை எந்தக் கொள்கையுடையதாயிருந்தால் என்ன? திணிக்கப்படுபவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பதினைந்து வயதுக்கு நாம் எழுதி வைத்திருப்பது என்ன? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறுவர்க்குச் சின்னஞ்சிறு நூல்களை வெளியிட்டது; நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வகுத்தது. நல்ல பணி, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பறக்கக் கற்றபின் எந்த மரத்திலே சென்று அமர்வது? அம்புலிமாமா வயது கடந்து, சங்க இலக்கிய வயது வராத பிள்ளைக்கு, அதன் காதலை, அச்சத்தை, வீட்டுச் சண்டையை, சாதியை, தேர்வை, உடலைப் பற்றி நேர்மையாகப் பேசும் தமிழ்ப் புதினங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிஞ்சும்! அந்த வெற்றிடத்திலேதான் ரமணிசந்திரன் நிற்கிறார். அவர் வலிந்து புகவில்லை. நாம் காலியாக விட்ட இடம் அது.

அமெரிக்க நாட்டிலே, ஓக்லகோமா மாநிலத்து டல்சா நகரிலே, பள்ளி மாணவி ஒருத்தி இருந்தாள். தன் வயதினரைப் பற்றிய புத்தகங்களிலே தன்னைச் சுற்றி உள்ள வாழ்வைக் காணவில்லையே என்று குறைப்பட்டாள், தானே எழுதினாள். எஸ். ஈ. ஹின்டன் என்பது அவள் பெயர். 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. இளையோர் புதினம் என்ற துறையே அதிலிருந்து கிளைத்தது என்று இன்று பேராசிரியர்கள் எழுதுகிறார்கள். பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமரிசகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சி, பெயரைச் சுருக்கி முதலெழுத்துகளாக அச்சிட்டார்களாம்! காவலர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நம் குறிப்பேட்டிலே தொழிற்கூடத்து நாயகனைக் கேட்டவளும், கறுத்த நாயகியைக் கேட்டவளும் நாளை எழுதக்கூடும். எழுதாமலும் போகலாம், கணக்காளராகலாம், செவிலியராகலாம். எழுதினால்தான் அவர்கள் கருத்துக்கு மதிப்பு என்று நாம் கூறமாட்டோம்.

விடுதலைபெற்ற இந்தியாவிலே முதல் நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாநிலத்திலேதான் பிறந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி செலுத்துகிறோம். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931-லேயே நெறி வகுத்த இரங்கநாதன் சீர்காழிக்காரர். திருச்சியிலே எழும் பெருநூலகத்துக்குக் காமராசர் பெயர் சூட்டப்படும் என்று 2025-இல் அரசு அறிவித்தது. மகிழ்ந்தோம். போட்டித் தேர்வுக்கு ஒரு தளம் கேட்போர் கேட்கட்டும்; கணினிக் கூடம் கேட்போர் கேட்கட்டும். நாம் கேட்பது ஓர் அலமாரி. பதினைந்து வயதினர்க்கென்று பெயர் எழுதிய அலமாரி. அதிலே ரமணிசந்திரன் இருக்கட்டும், ஒளித்து அன்று, முன்வரிசையிலேயே. பக்கத்திலே திருச்சி மாவட்டத்து லட்சுமி, முசிறியிலே பிறந்த ராஜம் கிருஷ்ணன், குளத்தூர் வேதநாயகர் ஆகியோரும் இருக்கட்டும். எவள் எதை எடுக்கிறாள் என்று முறைத்துப் பார்க்கும் பணியாளர் மட்டும் வேண்டா. அலமாரியின் ஓரத்திலே ஒரு குறிப்பேடு வேண்டும். அதை வாங்கித் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம். தீரத் தீரத் தருவோம். பேனாவை மட்டும் நூலகத்தார் கயிற்றிலே கட்டிவைத்துவிடட்டும், அஞ்சல் நிலையத்திலே கட்டியிருப்பார்களே, அதைப்போல.